கோட்டின் மேல் கோடு

"நீ உட்காரும்போது உன் கனமெல்லாம் எங்கே போகுது?"

அறிவியல் டீச்சர் ஒருமுறை சின்னவளிடம் இப்படிக் கேட்டார். ஒன்பதாம் வகுப்பு, மதிய நேரம். வகுப்பே திரும்பிப் பார்த்தது. எழுந்து நின்றவள் குனிந்து பெஞ்சைப் பார்த்தாள். பின்வரிசையிலிருந்து யாரோ, "வீட்டுக்குப் போகுது டீச்சர்" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் கொஞ்சம் சிரித்தார்.

மறுநாளிலிருந்து சின்னவள் பள்ளிக்குப் போகவில்லை. பதினோரு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் சமையலறை ஸ்டூலைத் தனித்தனியாகக் கழற்றி, தரையில் பரப்பி, மறுபடி சேர்த்தாள். அது நடந்து ஏழு வருடம் ஆகிறது. டீச்சரின் கேள்விக்கு அவள் இன்னமும் மரத்தில்தான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மருத்துவமனைத் தோட்டத்துக்குப் புதுப் பெஞ்சுகள் வேண்டும் என்று ஸ்டீல் கம்பெனியின் படப் புத்தகம் தலைமை நர்ஸான மேட்ரனின் மேசைக்குப் போய்ச் சேர்ந்ததும், சின்னவள் செய்த மரப் பெஞ்சை வந்து பார்க்கச் சொல்லி அக்கா போனில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு காலைப் பொழுதைக் கேட்டு வாங்கியதும் சென்ற வாரத்துக் கதை. அந்தக் காலைப் பொழுது இன்று விடிந்துவிட்டது.

மொட்டை மாடியில் பனி இன்னும் கலையவில்லை. பக்கத்து வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகள் வெண்மையில் பாதி கரைந்திருந்தன. நடுவில் அந்தப் பெஞ்ச் மட்டும், யாரோ கட்டிவிட்டு மறந்துபோன படகு மாதிரி நின்றது.

மூன்று துண்டுகள் சேர்ந்த பெஞ்ச். நேராகச் சேர்த்தால் ஐந்து பேர் உட்காரலாம். ஒன்றைத் திருப்பிப் போட்டால் இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசலாம். நடுத்துண்டை எடுத்துவிட்டால் சக்கர நாற்காலி ஒன்று உள்ளே வந்து, மற்றவர்களோடு வரிசையில் நிற்கும். அக்கா போனில் சொன்னதில் மேட்ரனுக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

அதில் ஒரு போல்ட் கிடையாது. போல்ட் போட்டால், மழையில் மரம் ஊதி, போல்ட்டின் தலைக்கடியில் நசுங்கும். வெயிலில் சுருங்கும்போது நசுங்கிய இடம் இடைவெளியாகிவிடும். மாதம் ஒருமுறை ஸ்பானரோடு ஆள் வரவேண்டும். மருத்துவமனைத் தோட்டத்துப் பழைய பெஞ்சுகளுக்கு அப்படி யாரும் வரவில்லை. அதனால்தான் அவை ஆடின.

சின்னவள் செய்தது வேறு. ஒரு துண்டின் சட்டம் நாக்கு மாதிரி நீண்டு, அடுத்த துண்டின் காலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் எட்டிப் பார்க்கும். நாக்கில் ஒரு துளை. துளையில் மேலிருந்து ஓர் ஆப்பு. மேலே தடிமன், கீழே மெல்லிசு. மரம் சுருங்கினால் ஆப்பு தன்னாலே கொஞ்சம் கீழே இறங்கி, அந்த இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். யாராவது உட்கார்ந்தால் இன்னும் ஒரு முடியளவு இறங்கும்.

தெருவில் அவளுக்கு ஆப்புக்காரி என்று பெயர் வந்துவிட்டது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பெஞ்ச் மாடிக்கு வந்து ஒரு வருடம் நிறைந்துவிட்டது. யாரும் தட்டக் கூடாது, இறுக்கக் கூடாது, மழைக்குப் போர்த்தக் கூடாது. ஆனால் உட்காரலாம். காகம் உட்கார்ந்தது. ஈரப் போர்வைகள் உட்கார்ந்தன. அக்கா உட்கார்ந்து போனில் சண்டை போட்டாள். சண்டையில் மனிதர்களின் கனம் கூடுகிறது என்று சின்னவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆப்பு இறங்குகிறதா என்று பார்க்க அவள் ஒரு சின்ன உபாயம் வைத்திருந்தாள். ஆப்பும் காலும் ஒட்டியிருக்கும் இடத்தில், இரண்டின் மேலும் குறுக்காக, சிவப்பு நெயில் பாலிஷால் மெல்லிய கோடு. ஆப்பு இறங்கினால் கோடு உடையும். காலில் இருக்கும் பாதி அங்கேயே நிற்கும். ஆப்பில் இருக்கும் பாதி கீழே போய்விடும். எவ்வளவு கீழே என்பதை வாரம் ஒருமுறை ஸ்கேலால் அளந்து, யாருக்கும் காட்டாத தன் நோட்டில் எழுதுவாள்.

நான்காம் மாதம் ஒருமுறை அரை மில்லிமீட்டர் உடைந்தது. ஆப்பில் இருந்த பாதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கோட்டைப் புதிதாகச் சேர்த்து இழுத்தாள். அதற்குப் பிறகு எல்லா வாரமும் ஒரே வார்த்தைதான்: அசையவில்லை.

அசையவில்லை, அசையவில்லை, அசையவில்லை. பக்கம் பக்கமாக.

அதை நம்பித்தான் மருத்துவமனைப் பெஞ்சுகளுக்கு நாற்பது சட்டங்களை அறுத்து, கீழே கொட்டகையில் அடுக்கியிருந்தாள்.

மேட்ரன் வருவதற்குள் பெஞ்சைக் கழுவிவிடலாம் என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். மரம் குடித்துக் கறுத்தது. அதே நேரம் பனி விலகி, வெயில் சாய்வாக வந்து ஆப்பின் மேல் விழுந்தது.

சிவப்புக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு தெரிந்தது.

சிவப்பு இல்லை. வெளிறிய ரோஜா நிறம். மரத்தின் ரேகைக்குள் ஊறிப்போன கறை. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. கோடு போட்ட நோட்டின் பக்கம் மாதிரி வரிசையாக ஏழு.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். ஈரம் காயக் காய அவை மங்கின. கையால் தண்ணீர் தெளித்தாள். மறுபடி வந்தன. கனவில் ஒரு முகம் அருகில் வந்து, விலகி, வருமே, அப்படி.

ஏழு தடவை ஆப்பு இறங்கியிருக்கிறது. ஏழு தடவை யாரோ உடைந்த கோட்டை ஆப்பிலிருந்து துடைத்துவிட்டு, காலில் இருந்த பாதிக்கு நேராகப் புதிதாகக் கோடு இழுத்திருக்கிறார்கள்.

மேலே இருந்த கோட்டை உற்றுப் பார்த்தாள். காலில் இருப்பது அவளுடைய சிவப்பு. ஆப்பில் இருப்பது அதைவிட ஒரு சொட்டு ஆரஞ்சு. இத்தனை மாதம் இது கண்ணில் படவில்லையே. கோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தாளே தவிர, கோட்டைப் பார்க்கவில்லை.

ஸ்கேலை வைத்தாள். மேல் கோட்டிலிருந்து கடைசி ரோஜாக் கோடு வரை ஒன்பது மில்லிமீட்டர்.

பிறகு குனிந்து முகர்ந்தாள். பெட்ரோலில் ஆரஞ்சுத் தோலை ஊறவைத்த மாதிரி லேசாக ஒரு வாசனை. துணியில் எண்ணெய்க் கறை எடுக்கிற மருந்து. அந்த வாசனை இந்த வீட்டில் ஒருவர் கையில்தான் உண்டு. துணி ஆலையில் முந்நூறு தையல் மெஷின்களைப் பழுதுபார்க்கிற கை.

அம்மா.

சின்னவள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாதிரிப் பெஞ்சுக்கு ஆபத்து எதுவும் இல்லை. அதில் துளையைத் தாராளமாக விட்டிருந்தாள். ஒன்பது இறங்கியும் கல் மாதிரி நிற்கிறது. கீழே கிடக்கும் நாற்பதும் அப்படி இல்லை. ஆப்பு அசையாது என்று நம்பி, நாக்கு பலமாக இருக்கட்டும் என்று துளையைச் சிறிதாக்கியிருந்தாள். நான்கு மில்லிமீட்டர் இறங்கினால் ஆப்பு துளையின் உள்சுவரில் முட்டிக்கொள்ளும். அதன் பிறகு உலகமே வந்து உட்கார்ந்தாலும் இறுகாது. அடுத்த வெயில் காலத்தில் நாற்பதும் ஆடும்.

அக்கா படியேறி வந்தபோது சின்னவள் சொல்லிவிட்டாள், நாலே வாக்கியத்தில். யார் செய்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அக்கா கேட்கவும் இல்லை. கேட்கிற நேரம் அது இல்லை.

அக்காவின் கவலை வேறு. ஆறு மாதமாக அவள் ஏறி இறங்காத அலுவலகம் கிடையாது. கடைசியில் ஒருத்தர் மசிந்திருக்கிறார். புதுப்பித்த தோட்டம் அடுத்த மாதம் முதல் தேதி மறுபடி திறக்கிறது. இன்றைக்குச் சரி என்று சொல்லாவிட்டால் ஸ்டீல் பெஞ்ச் வந்து இறங்கிவிடும். சின்னவள் வாழ்நாளில் செய்த முதல் பெரிய வேலை, மாடியில் காகத்துக்கு ஆசனமாகவே முடிந்துபோகும்.

"இது ஆடுதா?" என்று பெஞ்சை உலுக்கிக் காட்டினாள்.

"இல்ல."

"அப்புறம் என்ன? வர்றவங்க இதுல உட்காருவாங்க, எழுந்திருப்பாங்க, போவாங்க. கீழ இருக்கறதைச் சத்தமில்லாம சரிபண்ணிக்கலாம்."

நாற்பது துளைகளின் உள்சுவரையும் செதுக்க எத்தனை நாள் ஆகும் என்று சின்னவள் மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். முதல் தேதியைத் தாண்டிப் போனது. அதைச் சொல்ல வாய் திறந்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்டி. எப்பவும் போல இரு. நீ வாயத் திறக்கறதுக்குள்ள இந்தப் பெஞ்ச் துளிர்த்துக் காய்ச்சிடும். பேசறதை நான் பாத்துக்கறேன்."

கீழே கேட்டின் சத்தம் கேட்டது.

மேட்ரன் மெல்லிய உருவம். படியேறியதில் மூச்சு வாங்கினார். வந்ததும் யாரையும் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அக்கா ஏதோ ஆரம்பித்தாள். அவர் விரலைத் தூக்கி நிறுத்தினார்.

அப்படியே வெகுநேரம் இருந்தார். வெயில் அவர் மடியில் வந்து அமர்ந்தது. பிறகு கைப்பிடியைப் பற்றி, முழுக் கனத்தையும் அதில் போட்டு எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

எங்கள் வார்டில் ஒரு அம்மா இருக்கிறார், என்று அவர் சொன்னார். இடுப்பு எலும்பு கூடி, நடக்க ஆரம்பித்து, முதல் நாள் தோட்டத்துக்கு வந்தார். எழுந்திருக்கும்போது பெஞ்ச் ஆடியது. விழவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அறையை விட்டு அவர் வெளியே வரவேயில்லை. ஜன்னலோரமாகக் கட்டிலை நகர்த்தச் சொல்லி, அங்கிருந்தே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"கீழ விழுந்தவங்ககூட மறுபடி வருவாங்க. ஒரு தடவை ஆடினா நம்பிக்கை போச்சு" என்றார். "இது ஆடல. எத்தனை வருஷம் இப்படியே இருக்கும்?"

அக்கா வாய் திறந்தாள். இந்தக் கேள்விக்கு அவளிடம் ஐந்து விதமான பதில்கள் தயாராக இருந்தன.

சின்னவள் அதற்குள் தன் நோட்டை நீட்டிவிட்டாள்.

அந்த நோட்டை அம்மாவோ அக்காவோகூடத் தொட்டதில்லை. மேட்ரன் அதை வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலியே. எழுத்தா இது, எறும்பு போன தடமா? நீயே சொல்லும்மா."

மாடியில் காற்று நின்றுவிட்ட மாதிரி இருந்தது. தூரத்துத் தண்ணீர்த் தொட்டிகளெல்லாம் திரும்பி அவளைப் பார்த்தன. பின்வரிசையில் யாரோ சிரிக்கக் காத்திருந்தார்கள்.

"நீங்க உட்கார்றப்ப" என்றாள் சின்னவள். குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "உங்க கனம் சட்டம் வழியா இந்த நாக்குக்குப் போகுது மேடம். நாக்கு ஆப்பை அசைக்குது. ஆப்பு முடியளவு இறங்குது. இறங்க இறங்க இறுகும்."

"சரி."

"எவ்வளவு இறங்கும்னு நான் தப்பா கணக்குப் போட்டுட்டேன். அது அசையலன்னு எழுதி வெச்சிருக்கேன். ஆனா ஒன்பது மில்லிமீட்டர் இறங்கியிருக்கு. உங்களுக்காகக் கீழ செஞ்சு வெச்சிருக்கற நாற்பதும் நாலுதான் தாங்கும். அதை வாங்கினீங்கன்னா அடுத்த வெயில்ல ஆடும்."

அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவள் கையால் தண்ணீர் தெளித்தாள். ரோஜாக் கோடுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. மேட்ரன் குனிந்து, கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கி, விரலால் தடவிப் பார்த்தார்.

"இதை யார் அழிச்சு அழிச்சுப் போட்டது?"

அப்போதுதான் சின்னவள் கவனித்தாள். படிக்கட்டின் கடைசிப் படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள், தட்டில் மூன்று டம்ளர்களோடு. ஆலைக்கு இன்று விடுமுறை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. டம்ளர்களில் ஆவி அடங்கியிருந்தது.

"வீட்டுல கை பட்டிருக்கு மேடம்" என்றாள் சின்னவள். "அதைக் கவனிக்காதது என் தப்பு. வெயில் காலத்துல மரம் சுருங்காம இருக்குமான்னு நான் கேட்டிருக்கணும். நல்ல பதிலா இருந்ததால கேட்கல."

மேட்ரன் நிமிர்ந்தார். அவர் முகத்தில் கோபமா யோசனையா என்று யாருக்கும் பிடிபடவில்லை. அம்மாவிடமிருந்து ஒரு டம்ளரை எடுத்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

நாற்பதைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்றார். ஸ்டீல்காரர்களுக்கு நாளை மறுநாள் சாயங்காலம் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அதுவரை நேரம் இருக்கிறது.

"நாளை மறுநாள் காலையில ஒரு பெஞ்ச் எங்க வாசலுக்கு வரணும். புதுத் துளையோட. ஜன்னலோரக் கட்டில் அம்மாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து அதுல உட்கார வைக்கறேன். அவங்க எழுந்துட்டு இன்னொரு தடவை உட்கார்ந்தாங்கன்னா பேசலாம்."

படியிறங்கும்போது திரும்பி, "ஸ்டீல்காரங்க இவ்வளவு பேசல" என்றார். அது பாராட்டா என்று கேட்க அக்கா பின்னாலேயே ஓடினாள்.

மாடியில் இருவர் மட்டும்.

அம்மா தட்டைத் தரையில் வைத்தாள். மடியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள். ஆரஞ்சு கலந்த சிவப்பு. வாழ்நாளில் நகத்துக்குப் பூசாத பெண், கடையில் நின்று எப்படிக் கேட்டு வாங்கினாளோ.

அந்த வீட்டில் கேள்வி கேட்பது எப்போதும் அக்காவின் வேலை. மற்ற இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் சிந்தனையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்று சின்னவள் வாய் ஏற்கெனவே திறந்துவிட்டிருந்ததால், மூடுவதற்கு முன் இன்னும் கொஞ்சம் வந்தது.

"கோடு உடைஞ்சா நல்லதும்மா. அது இறங்கினாத்தான் இறுகும்."

அம்மா பெஞ்சைப் பார்த்தாள். ஆப்பைப் பார்த்தாள். மெஷினுக்குள் ஊசி எங்கே தட்டுகிறது என்று பார்க்கிற அதே பார்வை.

"மொத தடவை உடைஞ்சப்ப நீ ஒன்றரை நாள் சாப்பிடலியே" என்றாள்.

"யோசிச்சுட்டு இருந்தேன்."

"செவுத்தப் பாத்து உட்கார்ந்திருந்தே."

"அப்பதான்மா யோசனை வரும். சந்தோஷமாத்தான் இருந்தேன்."

அம்மா உள்ளங்கையைத் துணியில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். கேட்க வேண்டாம் என்று ஏழு வருடம் மூடி வைத்ததை இப்போது கேட்டாள்.

"அப்ப அந்தப் பதினோரு நாளும்?"

சின்னவளுக்குச் சமையலறை ஸ்டூல் நினைவுக்கு வந்தது. அதைக் கழற்றிப் போட்டபோது, அம்மா திட்டாமல் தன் பெரிய ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனதும் நினைவுக்கு வந்தது.

"அந்த மொத நாள் மட்டும் அழுதேன்" என்றாள். "மிச்சப் பத்து நாளும் கனம் எங்க போகுதுன்னுதான் யோசிச்சேன்."

அம்மா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் அதில் உட்காருவது இதுதான் முதல் தடவை என்று சின்னவளுக்கு உறைத்தது. ஒரு வருடமாகக் காகம் உட்கார்ந்தது, போர்வை உட்கார்ந்தது. கோட்டைத் திருத்த வந்தவள், தன் கனத்தால் அது இன்னும் உடைந்துவிடும் என்று பயந்து உட்காரவில்லை.

உள்ளே எங்கோ மரம் மெல்ல ஒரு சத்தம் கொடுத்தது. தூக்கத்தில் புரண்டு படுக்கிறவரின் பெருமூச்சு மாதிரி.

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தார்கள். புதுச் சிவப்புக் கோடு, காலுக்கும் ஆப்புக்கும் நடுவில், முடியளவு உடைந்திருந்தது.

சின்னவள் நோட்டை எடுத்தாள். எறும்பு எழுத்தில் தேதியைப் போட்டாள். அதற்குக் கீழே 'அம்மா' என்று எழுதி, அளவுக்கு இடம் விட்டு, ஸ்கேலைத் தேடினாள். ஸ்கேல் கிடைத்து நிமிர்ந்தபோது பெஞ்சின் ஓரம் காலியாக இருந்தது.

படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. கொட்டகைக் கதவு திறந்தது. கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அம்மா அடுக்கின் மேலிருந்து ஒரு சட்டத்தை எடுத்து, துளைக்குள் விரலை விட்டு உள்சுவரைத் தடவினாள். பிறகு ஆணியில் தொங்கிய ஆலை ஏப்ரனை மாட்டிக்கொண்டாள். சட்டத்தைத் தோளில் வைத்தாள்.

"அம்மா, எங்க போறே? இன்னிக்கு லீவுதானே?" என்றாள் கேட்டருகில் நின்றிருந்த அக்கா.

அம்மா அவளைச் சுற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். ஆலை இருக்கும் பக்கம் திரும்புவாள் என்று சின்னவள் நினைத்தாள். அவள் எதிர்ப்பக்கம், துளை போடும் மெஷின் இருக்கிற மரப் பட்டறையின் பக்கம் திரும்பினாள். மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். தெருவின் மிச்சப் பனிக்குள் நடந்து போனாள். கடைசியாகத் தெரிந்தது தோளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த சட்டத்தின் முனை. பிறகு அதுவும் மறைந்தது.